சின்னையாவின் ஒயில் சம்ப்

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிறு காலை, வாரப் பதிப்புக்குரிய பத்தியை எழுதி முடிக்க இயலாமல் நான் தடுமாறிக் கொண்டிருந்த வேளையில், நோர்வேயில் வசிக்கும் அக்காவின் மகன் தொலைபேசியில் அழைத்தான். வழக்கமாக அவன் அழைத்தால் நாட்டு நடப்பைக் கேட்பான். பதிலை நான் சொல்லி முடிப்பதற்குள் பேச்சு வேறு திசைக்குப் போய்விடும். அன்று அவன் கேட்டது வேறு.

"மாமா, உங்கடை சின்னையா ஒருக்கா லொறி இஞ்சினைப் போட்டிலை பூட்டினவராம். அப்பா அடிக்கடி சொல்லுவார். ஒயில் சம்ப்பை எந்தப் பக்கம் ஆழமாக்கினவர் எண்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?"

அவன் பேருந்துச் சாரதி. கடற்கரை நகரொன்றில் பழைய மரப்படகு ஒன்றை மலிவாக வாங்கி, பழுதடைந்த இயந்திரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, கைவிடப்பட்ட காரொன்றின் நான்கு சிலிண்டர் டீசல் இயந்திரத்தை அதற்குள் பொருத்த முயல்கிறான். குளிர்காலம் முழுவதும் அதே வேலை. படகுக்கென்று செய்யப்பட்ட இயந்திரத்தை வாங்கினால் என்ன என்று கேட்டேன். விலையைச் சொன்னான். அதன் பின்னர் நான் கேட்கவில்லை.

கலைப்பீடத்தில் பட்டம் பெற்று, முப்பது ஆண்டுகளாகச் செய்தித்தாளில் காலத்தைக் கழித்த என்னிடம் இயந்திரவியல் வினா கேட்கப்படுவது வேடிக்கைதான். அச்சு இயந்திரத்தின் ஓசையைத் தவிர வேறு இயந்திரத்தின் மொழி எனக்கு விளங்காது. ஆயினும் அந்த ஒரு வினாவுக்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. அந்த சம்ப் வெட்டப்பட்டபோதும் ஒட்டப்பட்டபோதும் பக்கத்தில் குந்தியிருந்து விளக்குப் பிடித்தவன் நான்.

அது 1982ஆம் ஆண்டு. மயிலிட்டி அந்நாளில் இலங்கையின் முக்கியமான மீன்பிடித் துறைமுகங்களுள் ஒன்று. அத்தானிடம் மூன்றரைத் தொன் படகு ஒன்றிருந்தது. 28 அடி நீளம். அதன் இயந்திரம் பழுதாகி, உதிரிப்பாகம் கொழும்பிலும் கிடைக்காமல், படகு இரண்டு மாதங்களாகக் கரையில் கிடந்தது. அக்கா அப்போது கருவுற்றிருந்தாள். கடனும் இருந்தது. விபத்துக்குள்ளான அரை லொறியொன்றின் டீசல் இயந்திரம் சுன்னாகத்துக்கு அப்பால் ஒரு வளவில் கிடப்பதாகச் சின்னையாதான் தகவல் கொண்டு வந்தார். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையின் வேலைத்தலத்தில் ஒட்டு வேலை பழகியவர் அவர். பிற்பாடு வீட்டு முற்றத்திலேயே சிறிய கராஜ் ஒன்றை நடத்தினார்.

லொறி இயந்திரத்தைத் தூக்கிப் படகுக்குள் வைத்தால் ஓடும் என்றே நான் நினைத்தேன். ஊரில் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். சின்னையா இயந்திரத்தை மரக்குற்றிகளின் மேல் ஏற்றி, அதன் அடியில் தொங்கிய ஒயில் சம்ப்பைத் தட்டிக் காட்டி, "பிரச்சினை முழுக்க இதுக்குள்ளைதான் கிடக்கு" என்றார்.

சம்ப் என்பது இயந்திரத்தின் அடியில் பூட்டப்படும் தகரத் தொட்டி. ஒயில் அதில் தேங்கும். அதன் ஆழமான பகுதியில் வலையிட்ட உறிஞ்சு வாய் ஒன்று அமிழ்ந்திருக்கும். பம்ப் அதனூடாக ஒயிலை இழுத்துப் பெயரிங்குகளுக்கு அனுப்பும். வீதியில் ஓடும் வாகனத்தில் இயந்திரம் ஏறத்தாழ மட்டமாகவே நிற்கிறது. சம்ப்பின் எந்தப் பகுதி ஆழமாக இருக்க வேண்டும் என்பதை ஒயில் தீர்மானிப்பதில்லை. அடியில் அச்சும் குறுக்குச் சட்டமும் எங்கே போகின்றனவோ அவற்றுக்கு வழிவிட்டு மிஞ்சிய இடத்திலேதான் தொட்டி ஆழமாகிறது. எங்களுக்குக் கிடைத்த இயந்திரத்தில் ஆழம் முன்பக்கத்தில் இருந்தது.

படகிலோ நிலைமை வேறு. புரொப்பெலர் நீருக்குள் இருக்க வேண்டும். ஆகவே அதன் தண்டு பின்னோக்கிச் சரிந்தே இறங்கும். தண்டோடு நேர்கோட்டில் நிற்க வேண்டிய இயந்திரமும் பின்பக்கம் தாழச் சரிந்திருக்கும். எங்கள் படகில் அந்தச் சரிவு 12 பாகை அளவில் இருந்தது. சிறிய சரிவுதானே என்று தோன்றும். ஆனால் அரை மீற்றர் நீளமான தொட்டியில் 12 பாகைச் சரிவு என்பது ஒரு நுனிக்கும் மறு நுனிக்கும் இடையில் 10 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட உயர வேறுபாடு. ஒயில் முழுவதும் பின்னால் ஓடிவிடும். உறிஞ்சு வாய் முன்னால் நின்று காற்றைக் குடிக்கும். லொறியும் மலையேறுகிறதே என்று நான் கேட்டேன். லொறி ஏறி இறங்கிவிடும். படகு ஆயுள் முழுவதும் மலையேறிக்கொண்டே இருக்கும் என்றார். அது சரிவைப் பற்றி மட்டும் சொன்னதன்று என்பது பின்னரே எனக்கு விளங்கியது. வீதியில் வாகனம் ஓய்வெடுக்கும், இறக்கத்தில் உருளும். கடலில் புரொப்பெலர் ஒரு கணமும் சுமையைக் குறைப்பதில்லை. போதாததற்கு, வாகனத்தின் சம்ப்பில் எதிர்காற்று பட்டுக் கொண்டேயிருக்கும். படகின் அடிவயிற்றில் காற்று ஏது? ஒயில் சூடேறி நீர்த்துப் போகும். அதனாலேதான் படகு இயந்திரங்கள் பலவற்றில் கடல்நீரால் ஒயிலைக் குளிரவைக்கும் ஏற்பாடு உண்டு. எங்களிடம் அது இருக்கவில்லை. ஒயிலின் அளவைக் கூட்டுவது ஒன்றே சின்னையாவுக்குத் தெரிந்த வழியாக இருந்தது.

உலகில் இதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் உண்டு. ஃபோர்ட் லொறி இயந்திரங்களை லேமன் என்ற அமெரிக்க நிறுவனம் கடலுக்கேற்றவாறு மாற்றி விற்றது. இன்றும் குபோட்டா இயந்திரங்களை வாங்கிப் படகுக்கு மாற்றும் நிறுவனங்கள் ஐரோப்பாவில் இயங்குகின்றன. அவர்களிடம் வரைபடங்களும் வார்ப்புச் சாலைகளும் இருக்கின்றன. சின்னையாவிடம் இருந்தவை ஓர் ஒட்டு இயந்திரம், ஓர் அரம், சின்னம்மாவின் குசினி.

குசினி என்று எழுதியது பகிடிக்காக அன்று. முதலில் அவர் சம்ப்பின் ஆழமான முன்பகுதியை வெட்டி எறிந்தார். அது படகின் ஏராவில் முட்டியது. பின்பக்கத்தில் புதிய குழியொன்றைத் தடித்த இரும்புத் தகட்டால் செய்தார். கீழே இடம் போதாமையால் பக்கவாட்டில் அகலமாக்கி, இழந்த கொள்ளளவை மீட்டார். மெல்லிய தகரத்தை ஒட்டும்போது சூட்டில் அதன் விளிம்பு கோணிவிடும், கோணிய விளிம்பு ஒருபோதும் ஒயிலைத் தாங்காது. ஆகவே உடைந்த பழைய இயந்திர உடலொன்றின் அடியில் சம்ப்பை எல்லா ஆணிகளாலும் பூட்டி வைத்துக்கொண்டு, இங்கே ஓர் அங்குலம், எதிர்ப்பக்கத்தில் ஓர் அங்குலம் என்று ஆறவிட்டு ஆறவிட்டு ஒட்டினார். இரண்டு நாட்கள் எடுத்தன. ஒட்டு முடிந்ததும் தொட்டியின் வெளிப்புறம் முழுவதும் சுண்ணாம்பு பூசிக் காயவைத்து, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி இரவு முழுவதும் வைத்தார். மண்ணெண்ணெய் ஊசித் துளையினூடாகவும் கசியும். கசிந்த இடத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு கறுத்துப் போகும். காலையில் மூன்று கரும்புள்ளிகள். மீண்டும் ஒட்டு, மீண்டும் சுண்ணாம்பு.

அடுத்தது உறிஞ்சு வாய். அதன் குழாயை நீட்டிப் புதிய குழிக்குள் கொண்டு போக வேண்டும். நீண்ட குழாய் அதிர்ந்து அதிர்ந்து வெடிக்கும். ஒயில் மட்டத்துக்கு மேலே ஒரு மயிரிழை வெடிப்பு விழுந்தாலும் பம்ப் காற்றை இழுக்கும். அதற்காக இடையில் ஒரு தாங்கு வைத்தார். வாய்க்கும் தொட்டியின் அடிக்கும் இடையே விடவேண்டிய இடைவெளி மிக நுட்பமானது. கூடினால் ஒயில் குறையும்போது காற்றைக் குடிக்கும், குறைந்தால் மூச்சு முட்டும். பூட்டிய பின்னர் உள்ளே எப்படிப் பார்ப்பது? சின்னம்மா ரொட்டிக்குப் பிசைந்து வைத்த மாவில் ஓர் உருண்டையை எடுத்து, உறிஞ்சு வாயில் ஒட்டி, சம்ப்பைப் பூட்டி மீண்டும் கழற்றினார். நசுங்கிய மாவின் தடிப்பே இடைவெளி. முதற்தடவை கூடிப்போயிற்று. ஐந்தாவது தடவையில் கால் அங்குலத்துக்குச் சற்று மேலாக வந்தபோது திருப்தியடைந்தார். அன்று எங்களுக்கு இரவுச் சாப்பாடு பிந்தியது.

பின்னர், அலையில் ஒயில் முன்னும் பின்னும் ஓடாதிருக்கக் குறுக்கே ஒரு தடுப்பு. அடியில் துளைகள் விட்டு, ஒயில் மெதுவாகவே நகரும்படி செய்தார். படகுக்குள் சம்ப்பின் அடி ஆணியைக் கழற்றக் கையே போகாது என்பதால், பழைய ஒயிலை எடுக்க அடிவரை செல்லும் மெல்லிய குழாயொன்றைப் பக்கவாட்டில் ஒட்டி, மேலே ஒரு கைப்பம்பைப் பொருத்தினார். எல்லாவற்றுக்கும் மேலே மூன்று பூச்சு வர்ணம். படகின் அடியில் தேங்கும் உப்புநீர் அவ்வளவு பொல்லாதது.

இவ்வளவும் என் மருமகனுக்கு நான் தொலைபேசியில் சொன்னவை. அவன் குறிப்பெடுத்துக் கொண்டான். பின்பக்கம்தான் ஆழம் என்பதில் அவனும் தெளிவாகவே இருந்தான். உறுதிப்படுத்தவே கேட்டிருக்கிறான். ரொட்டி மா அவனுக்குப் பிடித்துக் கொண்டது.

சொல்லாதது ஒன்றிருந்தது.

சம்ப்பின் வடிவம் மாறினால் ஒயில் பார்க்கும் கம்பியில் உள்ள பழைய கோடுகளுக்குப் பொருளில்லை. அளந்து ஊற்றிப் புதிதாகக் கோடு போட வேண்டும். சின்னையாவின் கணக்குப் பத்துப் போத்தல், அதாவது ஏழரை லீற்றர். அதற்கு மேல் போனால் சுழலும் கிராங்க் ஒயிலை அடித்து நுரையாக்கிவிடும். படகு கரையில் இருக்கும்போதே ஒயிலை ஊற்றி, வாளியால் நீர் வார்த்து ஒரு நிமிடம் இயந்திரத்தை ஓடவிட்டு நிறுத்தினார்கள். என் கையில் கம்பியையும் அரத்தையும் தந்து சின்னையா சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

"படகு தண்ணியிலை மிதந்து, அரை மணித்தியாலம் நிண்ட பிறகுதான் கோடு. விளங்கிச்சோ?"

விளங்கியது. ஆனால் படகை நீரில் இறக்க மாலையாகும் என்றார்கள். பக்கத்து ஊர் மைதானத்தில் எங்கள் பாடசாலைக்கு அன்று கால்பந்தாட்டம் இருந்தது. கரையிலேயே கம்பியை விட்டு எடுத்து, ஒயில் ஈரம் நின்ற இடத்தில் அரத்தால் ஒரு வெட்டு வெட்டிவிட்டு நான் ஓடிவிட்டேன். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. மாலையில் சின்னையா கேட்டார்.

"கோடு போட்டிட்டியோடா?"

"ஓம் சின்னையா, போட்டிட்டன்."

பொய்யும் அன்று, உண்மையும் அன்று. செய்தித்தாளில் இத்தகைய வாக்கியங்களைப் பின்னாளில் பலர் சொல்லக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

கரையில் படகின் பின்புறம் தண்டும் சுக்கானும் பூட்டுவதற்காகக் குற்றிகளின் மேல் உயர்த்தப்பட்டிருந்தது. இயந்திரம் ஏறத்தாழ மட்டமாக நின்றது. ஒயில் பார்க்கும் கம்பி இறங்கும் துளை இயந்திரத்தின் பின்பாதியில் இருந்தது. நீரில் இறங்கியதும் படகின் பின்புறம் தாழ்ந்தது, ஒயில் பின்னே குவிந்தது, கம்பியில் அதே பத்துப் போத்தல் என் கோட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை உயர்ந்து நின்றது. மறுநாள் விடியற்புறம் கடலுக்குப் புறப்படுமுன் அத்தான் கம்பியை இழுத்துப் பார்த்தார். "சின்னையா கூட ஊத்திப்போட்டார்" என்று கைப்பம்பால் இரண்டு போத்தலை வெளியே எடுத்துவிட்டார். அவரில் தவறில்லை. கோட்டை நம்பினார். அதுவும் போதாமல் அந்தப் பழைய இயந்திரம் ஓட ஓட ஒயிலைக் குடித்தது. மூன்றாம் நாளும் கம்பி நிறைவாகவே காட்டிற்று.

ஆனி மாதம். சோழகம் வீசிய காலம். பருத்தித்துறைக்கு வடகிழக்கே வலைத் தொழில் முடித்து, எதிர்க்கடலில் அவர்கள் திரும்பினார்கள். படகில் நால்வர். அணியம் தாழும்போதெல்லாம் ஒயில் விளக்கு மின்னி மின்னி அணைந்தது என்று அத்தான் பிறகு சொன்னார். வயர் தளர்ந்திருக்கிறது என்று நினைத்தாராம். உறிஞ்சு வாய் ஒவ்வொரு அலைக்கும் ஒரு மடக்குக் காற்றைக் குடித்துக் கொண்டிருந்தது. சிறிது நேரத்தில் உள்ளே தட்டும் ஓசை கேட்டது. பின்னர் இயந்திரம் இறுகி நின்றுவிட்டது. நங்கூரக் கயிறு அன்றிரவே அறுந்தது. சோழகத்தில் நின்ற படகு போகும் திசை வடகிழக்கு. அங்கே கரையில்லை. வலையை மீண்டும் கடலில் இறக்கி, அதன் இழுவையால் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு இரண்டு இரவுகள் கிடந்தார்கள். மயிலிட்டியில் இருந்து தேடிப் போன படகுகள் வெறுமனே திரும்பின. அக்கா கடற்கரையை விட்டு எழுந்து வரவில்லை. அம்மா அவளருகே இருந்தாள். நான் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டு போனேன்.

மூன்றாம் நாள் பிற்பகல் பருத்தித்துறைப் பக்கப் படகொன்று அவர்களைக் கட்டி இழுத்து வந்தது.

ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. வெட்டி ஒட்டிய சம்ப் வெடித்தது என்றார்கள். லொறி இஞ்சினைப் படகில் வைத்தவனைக் கட்டி அடிக்க வேண்டும் என்றும் ஒருவர் சொன்னார். சின்னையா எவருக்கும் மறுமொழி சொல்லவில்லை. சம்ப்பைக் கழற்றினார். ஒட்டு ஒன்றும் வெடிக்கவில்லை. தடுப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. உள்ளே கிடந்த ஒயிலைப் போத்தலில் வார்த்து அளந்தார். ஆறு போத்தலுக்குச் சற்றுக் குறைவு. அத்தானிடம் எத்தனை எடுத்தாய் என்று கேட்டார். பின்னர் ஒயில் கம்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, என் வெட்டை நெடுநேரம் பார்த்தார். நான் விளக்கோடு பக்கத்தில்தான் நின்றேன். என்னை அவர் பார்க்கவில்லை. அரத்தை எடுத்து அந்த வெட்டை முற்றாக ராவி அழித்தார்.

பெயரிங்குகள் மாற்றி, கிராங்க்கைக் கடைந்து, இரண்டு மாதங்களில் அதே இயந்திரம், அதே சம்ப் மீண்டும் பூட்டப்பட்டது. இம்முறை படகு மிதந்த பின்னர், டீசல் தாங்கி நிறைந்திருக்க, பின்புறத்தில் இரண்டு பேரை இருத்தி, அவரே கோடு போட்டார். 1990 ஜூனில் ஊரோடு நாங்கள் இடம்பெயரும்வரை அது ஓடியது. படகைத் துறைமுகத்திலேயே விட்டு வந்தோம். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வன்னிக்குப் போன சின்னையா அங்கேயே அடுத்த ஆண்டு காலமானார். சம்ப் வெடித்தது என்ற கதை அவரோடு கடைசிவரை போயிற்று. திருமண வீடுகளில்கூட அதைப் பகிடியாகச் சொல்லுவார்கள்; அவரும் சேர்ந்து சிரிப்பார். பத்திரிகையாளனான பின்னர் எத்தனையோ பேரின் பிழைகளை முதற்பக்கத்தில் போட்டிருக்கிறேன். இதை எங்கும் எழுதவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டபோது செய்தி சேகரிக்கப் போனேன். கராஜ் இருந்த வளவைப் பற்றைக்குள் அடையாளம் காண ஒரு மணித்தியாலம் பிடித்தது. அன்றைய செய்தியிலும் அது இல்லை.

மருமகன் அடுத்த வாரம் மீண்டும் அழைத்தான். சம்ப் பூட்டியாயிற்று. நாளை ஒயில் ஊற்றி, கம்பியில் கோடு போட்டுவிட்டால் வேலை முடிந்தது. படகு தாங்கியின் மேல் நிற்கிறது, நீரில் இறக்கக் குளிர் குறைய வேண்டும், ஆறு வாரமாகும் என்றான்.

"இப்ப போடாதை" என்றேன்.

ஏன் என்று கேட்டான். சொன்னேன். கால்பந்தாட்டத்தையும், அரத்தையும், அவன் தகப்பன் வெளியே எடுத்த இரண்டு போத்தலையும், அவன் தாய் கடற்கரையில் இருந்த இரண்டு இரவுகளையும் சொன்னேன். அப்போது அவன் அவளுடைய வயிற்றில் இருந்தான். அத்தான் காலமாகி ஏழு ஆண்டுகளாகின்றன. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியது. தொலைபேசியில் சிறிது நேரம் ஓசையே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"அம்மாவுக்குத் தெரியுமோ மாமா?"

"இல்லை."

"நீங்கள் சொல்லுங்கோ. நான் சொல்லேல்லை."

மறுநாள் அக்காவுக்கு அழைத்துச் சொன்னேன். அவளுக்கு இப்போது காது சற்று மந்தம். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு, "அந்த மனுசன் ஒரு சொல்லும் சொல்லேல்லையே" என்றாள். சின்னையாவையா அத்தானையா சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

மே மாத முடிவில் மருமகன் படமொன்று அனுப்பியிருந்தான். படகு நீரில் நிற்கிறது. பின்புறத்தில் அவனுடைய மகனும் அயலவர் ஒருவரும் குளிராடையோடு குந்தியிருக்கிறார்கள். அடுத்த படத்தில் ஒயில் கம்பி. அதில் புதிய வெட்டுகள் இரண்டு. மேற்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையில் ஒரு லீற்றர் என்று எழுதியிருந்தான்.